வடதேசப் படங்களும் ஐயாவின் பித்தளை வட்டமும்

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் இரண்டு விஷயங்களை நம்பினோம். ஐயாவின் அலுமாரியில், பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்றுக்குள், கம்பளிக் காலுறையில் சுற்றி வைக்கப்பட்டிருந்த பித்தளை வட்டம் ஊருக்குத் திரும்பிப் போகும்வரை வன்னிக்கு ரயில் ஓடாது என்பது ஒன்று. போர் முடிந்த மறுநாளே அதை எடுத்துக்கொண்டு ஐயா புறப்பட்டுவிடுவார், பிறகு டென்மார்க் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார் என்பது மற்றது. முதலாவதை ஐயா சொல்லிச் சொல்லி எங்களை நம்பவைத்திருந்தார். இரண்டாவதை அவர் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஐயா என்பது என் தகப்பனார். இலங்கையின் வடக்கே வன்னியில், காட்டுக்கு நடுவே இருந்த ஒரு சிறிய நிலையத்தில் ஸ்ரேசன் மாஸ்டராக இருந்தவர். ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடாதிருக்க அங்கே ஓர் ஏற்பாடு இருந்தது. அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் ஒவ்வொரு இரும்புப் பெட்டி. அவற்றுக்குள் உள்ளங்கை அகலத்தில் பித்தளை வட்டங்கள். ரப்ளற் என்பார்கள். ஒரு வட்டத்தை வெளியே எடுத்தால் இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அதை வாங்கிக்கொண்டுதான் சாரதி வண்டியை எடுப்பார். அடுத்த நிலையத்தில் அது பெட்டிக்குள் விழுந்த பிறகே இன்னொன்றை எடுக்க முடியும். சண்டை மூண்ட நாளில் ஐயா ஒரு சாமான் வண்டியை அனுப்புவதற்காக ரப்ளற்றை எடுத்திருந்தார். வண்டி புறப்படவே இல்லை. சாரதி இறங்கி ஓடிவிட்டார். எடுத்ததைத் திரும்பப் பெட்டியில் போட்டிருக்க வேண்டும். ஐயாவோ கதவைப் பூட்டி, வட்டத்தைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நாளைக்கு வந்துவிடலாம் என்று நடந்துவிட்டார்.

பின்னர் தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போயின. அவற்றைத் தாங்கியிருந்த சிலிப்பர் கட்டைகள் அடுப்புக்குப் போயின. இவை எல்லாம் ஐயாவுக்கும் தெரியும். ஆனாலும் அவர் மனத்தில் அந்தப் பாதை பூட்டப்பட்டிருந்ததற்குக் காரணம் ஒன்றுதான். அது அவருடைய அலுமாரியில் இருந்தது.

அம்மா இறந்த பின் அவரை டென்மார்க்கில் நாங்கள் இருந்த ஹொல்ஸ்டெப்ரோ நகரத்துக்கு அழைத்துக்கொண்டோம். போர் முடிய வேண்டும் என்று எல்லோரையும் போல நானும் விரும்பினேன். முடிந்தால் ஐயா போய்விடுவார் என்பதையும், அந்தக் காட்டில் தனியாக எத்தனை நாள் இருப்பார் என்பதையும் நினைத்துக்கொண்டே விரும்பினேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

போரின் அந்தக் கடைசிக் குளிர்காலத்தில் ஐயா தொலைக்காட்சிச் செய்திகளுக்கு முன்னால் இருந்து எழும்பவே இல்லை. நான் அப்போது ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். அங்கே இருந்த ஓர் அம்மையாரின் மகள், ரஷ்ய மொழி கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை, நகர நூலகத்தில் மாதத்தின் மூன்றாம் செவ்வாய் பின்னேரங்களில் படம் காட்டிவந்தார். அந்த வசந்தத்துக்கு அவர் தெரிந்தெடுத்தவை ரஷ்யாவின் தூர வடக்கைப் பற்றிய புதிய படங்கள். உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா என்றார்.

ரஷ்யா என்றதும் ஐயா நிமிர்ந்தார். இளவயதில் புத்தக வான் ஒன்றில், மொஸ்கோவில் அச்சிட்டுத் தமிழில் வந்த தடித்த புத்தகங்களை வாங்கி வாசித்தவர் அவர். உறைபனியில் ரயில் பாதை போட்ட இளைஞர்களின் கதையை எனக்கும் வாசிக்கத் தந்திருக்கிறார். அந்த நாட்டின் வடக்கில் வேலையில்லாதவன் இல்லை, குடிகாரன் இல்லை, எல்லா வண்டியும் நேரத்துக்கு வரும் என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

"எத்தினை மணிக்குப் படம்?" என்றார்.

"நாலு மணிக்கு, ஐயா."

"அப்ப மூண்டரைக்கு அங்க நிக்கவேணும்."

கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து மூன்று மணிக்கே வாசலில் நின்றார். என் கணவர் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி வேலை செய்பவர்; விடிகாலையில் போய் இரண்டு மணிக்கு வந்துவிடுவார். படம் என்றால் சனம் வரும், சனம் வந்தால் சாப்பாடு வேண்டும் என்று அவர் முதல் நாளே முடிவுசெய்து, நாங்கள் இருவருமாக இறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுருட்டி அறுபது ரோல்ஸ் பொரித்தோம். நூலக அறையில் பதினொரு பேர் இருந்தார்கள். மேசையில் ஒரு குடுவை கோப்பியும், மெல்லியதாக வெட்டிய ஒரு கேக்கும் இருந்தன. எங்கள் அண்டாவைப் பார்த்து ஆசிரியை, வேறு விருந்துக்குக் கொண்டுபோகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார்.

முதற்படம், மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றி மிஞ்சிப்போன ஒரு நகரத்தைப் பற்றியது. வெந்நீர்க் குழாய் வெடித்துவிடுகிறது. திருத்த ஆள் வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. ஐந்து குடும்பங்கள் ஒரே வீட்டுக்குள் ஒடுங்கிப் பள்ளிக்கூட மேசைகளை எரிக்கிறார்கள். ஆண்கள் குடிக்கிறார்கள். கமெரா ஓர் இடத்தில் நின்றால் அசைவதே இல்லை. பனி ஜன்னலை மூடும் வரை பார்த்துக்கொண்டிருக்கிறது. திரையின் அடியில் ஓடிய டேனிஷ் எழுத்துகளை நான் தமிழில் ஐயாவின் காதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். அவருக்குக் காது சற்று மந்தம் ஆகையால் என் இரகசியம் எல்லோருக்கும் கேட்டது. என் கணவருக்கோ படம் பார்க்கும்போது பேசாமல் இருக்கத் தெரியாது. ஊரில் படம் என்றால் திரையோடு கதைப்பதுதான் வழக்கம்.

"உவ்வளவு குடிச்சால் விடிய விறகு வெட்டுறது ஆர்?" என்றார், மூன்றாவது போத்தல் திறக்கப்பட்டபோது.

"அந்த மனிசிதான். பாக்கேல்லையே, அவ எழும்பீட்டா," என்றார் ஐயா.

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் காலால் என் கணவரின் காலை மிதித்தேன்.

"ஏன் மிதிக்கிறீர்? நான் சரியாத்தானே சொன்னனான்."

படம் முடிந்ததும் வட்டமாக இருந்து பேசுவது அவர்கள் வழக்கம். மனிதனின் தனிமை, இயற்கையின் அலட்சியம், அரசின் மறதி என்று ஒவ்வொருவரும் தணிந்த குரலில் சொன்னார்கள். எல்லாம் சரியான கருத்துகளே. பிறகு ஆசிரியை எங்கள் பக்கம் திரும்பி, இடையில் நீங்கள் பேசிக்கொண்டது என்ன என்று கேட்டார். கோபமாகக் கேட்கிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். இல்லை, உண்மையிலேயே தெரிய வேண்டும் என்றார்.

ஐயா எழுந்து நின்றார். நான் மொழிபெயர்த்தேன்.

"படம் நல்லம். ஆனால் ரெண்டு மணித்தியாலமா ஒருத்தரும் சிரிக்கேல்லை. அது பொய். நாங்கள் மண்ணெண்ணெய் இல்லாமல், சவுக்காரம் இல்லாமல் இருந்தனாங்கள். பப்பாசி இலையால உடுப்புத் தோய்ச்சனாங்கள். ஒருநாள் எண்டாலும் சிரிக்காமல் இருக்கேல்லை. அஞ்சு குடும்பம் ஒரு வீட்டில இருந்தால் ஒரு பகிடியும் வராதோ? எடுத்தவர் வெளியாள். ஹெலிகொப்டரில வந்து ஹெலிகொப்டரில போனவர்."

பிறகு பின்வரிசையில் இருந்த உயரமான ஒரு டேனிஷ்காரர் பலமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு ரோல்ஸ் அண்டா திறக்கப்பட்டது. நாற்பத்தெட்டு தீர்ந்தது.

ஐயா சொன்னதை நான் பின்னர் பலமுறை யோசித்திருக்கிறேன். ரஷ்ய வடக்கைப் பற்றி அதன் பிறகு நான் பார்த்த படங்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதே சீர்கேடுகள்: மூடிய ஆலை, வராத மருத்துவர், போத்தல், நகரத்துக்குப் போய்த் திரும்பாத பிள்ளைகள். கடை, மருந்தகம், பள்ளி என்று எஞ்சியிருக்கும் எல்லாக் கதவின் பூட்டுக்கும் உரிய திறப்புகள் நடுவயதுப் பெண்களின் கையில் இருக்கும். இவற்றை அந்த இயக்குநர்கள் மறைப்பதில்லை. அது அவர்களின் துணிவு. ஆனால் அங்குள்ளவர்களின் துயரத்தைக் காட்டுவது எளிது, அவர்களின் கெட்டித்தனத்தைக் காட்டுவது கடினம். நல்ல படத்துக்கும் மற்றதற்கும் வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது.

ஏப்ரல் மாதப் படத்துக்கு மகளும் வந்தாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. ரோல்ஸுக்காகத்தான் வருகிறேன் என்று டேனிஷில் அறிவித்துவிட்டே வந்தாள். கலைமான் மேய்ப்பவர்களின் பிள்ளைகளை ஒவ்வோர் இலையுதிர்காலமும் ஹெலிகொப்டர் வந்து விடுதிப் பள்ளிக்கு ஏற்றிப்போகிறது. ஒரு சிறுமி கோடையில் கூடாரத்துக்குத் திரும்புகிறாள். தாய் தங்கள் மொழியில் கேட்கிறாள். மகள் ரஷ்ய மொழியில் பதில் சொல்கிறாள். ஐயா மெல்லத் திரும்பி என் மகளைப் பார்த்தார். என் கணவர் பார்த்தார். நானும் பார்த்துவிட்டேன்.

"என்ன?" என்றாள் அவள், டேனிஷில்.

மூவரும் சேர்ந்து சிரித்துவிட்டோம். முன்வரிசை இப்போது பழகிப்போயிருந்தது. காரணம் தெரியாமலே அவர்களும் சிரித்தார்கள். ஆனால் படம் முடிந்த பிறகு, மொழி அழிவதைப் பற்றி எல்லோரும் கவலையோடு பேசிக்கொண்டிருந்தபோது, அவள்தான் கை உயர்த்தினாள். அந்தப் பெண் மொழியை மறக்கவில்லை, தன் உச்சரிப்பைத் தாய் கேட்டுவிடுவாள் என்று வெட்கப்படுகிறாள், அவ்வளவுதான் என்றாள். நான் அதை ஐயாவுக்குச் சொன்னேன். அவர் தன் பங்கு ரோல்ஸை அவள் தட்டில் வைத்தார்.

மே மாதப் படம் வர இருந்த வாரத்தில் போர் முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு வந்தது. அந்த நாட்களைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் நகரத்தில் ஒரு தமிழ் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை என்று மட்டும் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை நான் நூலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, நாங்கள் வரவில்லை என்று சொல்ல இருந்தேன். ஐயா கோட்டோடு வந்து நின்றார்.

"போவம்," என்றார்.

"இண்டைக்கோ ஐயா?"

"வீட்டில இருந்து என்ன செய்யிறது, பிள்ளை? போவம்."

அவருடைய கோட்டின் வலப்பக்கப் பை கனத்துத் தொங்கியது. தகரப்பெட்டி கட்டிலில் திறந்து கிடந்ததை நான் போகும்போதே கண்டேன். நாங்கள் நம்பியிருந்த அந்த மறுநாள் வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு காரில் ஏறினேன்.

அன்றைய படம், காட்டுக்கு நடுவே ஒரு ரயில் நிறுத்தத்தைப் பற்றியது. மர ஆலை மூடிவிட்டது. வண்டிகள் இனி அங்கே நிற்பதில்லை. மருத்துவருக்குப் போக வேண்டியவர்கள் ஆற்றுப் பனியில் நடக்கிறார்கள். நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு, அவளுடைய வேலை நீக்கப்பட்டதாகக் கடிதம் வருகிறது. அவளோ ஒவ்வொரு வண்டிக்கும் செம்மஞ்சள் மேலங்கி அணிந்து, சுருட்டிய மஞ்சள் கொடியோடு மேடைக்கு வந்து நிற்கிறாள். அவளுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்கிறார்கள் ஊரில். கடைசிக் காட்சியில் வண்டி வேகமாகக் கடந்து போகிறது. அவள் முகம் வண்டியோடு திரும்புகிறது, ஒருமுறை மெல்லத் தலையசைக்கிறாள், படம் முடிகிறது.

அறையில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். கைவிடப்பட்ட மனம் பழக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது, கடைசியில் அந்தத் தலையசைப்பில் தோல்வியை ஏற்றுக்கொள்கிறது என்றார் ஆசிரியை.

"என்னவாம்?" என்றார் ஐயா.

சொன்னேன். அவர் எழுந்தார்.

"பிள்ளை, அவவுக்குச் சொல்லு. அந்த மனிசிக்கு விசரில்லை."

"ஐயா, அது படம்."

"படமெண்டாலும் வேலை வேலைதானே? நிக்காத வண்டியையும் மாஸ்டர் வெளியில வந்து பாக்கவேணும். கடைசிப் பெட்டியில லாம்பு இருக்கோ எண்டு பாக்கிறது. அது இல்லாட்டில் பெட்டியொண்டு கழண்டு பின்னால பாதையில நிக்குது எண்டு அர்த்தம். அடுத்த வண்டி அதில போய் அடிக்கும். அவ எஞ்சினைப் பாக்கேல்லை. வாலைப் பாக்கிறா. இருக்கு எண்டு கண்ட பிறகுதான் தலையாட்டுறா. திருப்பிப் போடச் சொல்லு."

ஆசிரியை கடைசி நிமிடத்தைத் திரும்பப் போட்டார். எல்லோரும் முன்னால் சாய்ந்து பார்த்தோம். அவளுடைய கண்கள் பெட்டி பெட்டியாகக் கடந்து, கடைசிப் பெட்டியில் போய் நிற்கின்றன. அங்கே சிறிய சிவப்பு வெளிச்சம் ஒன்று பனிக்குள் தெரிகிறது. அதன் பிறகே தலையசைப்பு. நாங்கள் தோல்வி என்று வாசித்தது, எல்லாம் குறைவில்லாமல் போகிறது என்ற ஒரு வேலைக்காரியின் திருப்தி. படத்தை எடுத்தவருக்கு அது தெரிந்திருந்தது. நாங்கள்தான் பார்க்கவில்லை.

பின்வரிசையின் உயரமான மனிதர் மெல்ல எழுந்து வந்தார். தானும் முப்பத்தைந்து வருடம் ரயிலில் வேலை செய்தவன், இவர் சொல்வது முழுக்கச் சரி என்றார். மூன்று மாதமாக ஒரே அறையில் இருந்தும் இது எங்களுக்குத் தெரியாது. டேனிஷ்காரர்கள் கேட்டால்தான் சொல்வார்கள். ஐயா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வலப்பக்கப் பையில் கையை விட்டு, காலுறையை உருவி, பித்தளை வட்டத்தை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். பொறித்திருந்த இரண்டு நிலையங்களின் பெயர்களை விரலால் தடவினார். நான் கதையைச் சொல்லி முடிக்கவில்லை, அவர் முகம் மாறியது.

"இது இங்கே இருந்தால், அங்கே இரண்டு பெட்டிகளும் இன்னும் பூட்டித்தானே இருக்கும்?"

"ஓம்! ஓம்!" என்றார் ஐயா, நான் அதைத் தமிழில் சொன்னதும். எங்களைச் சுட்டிக்காட்டி, "இவைக்கு விளங்கப்படுத்த எனக்கு இவ்வளவு வருசம் எடுத்தது. இந்த மனிசன் ஒரு நிமிசத்தில பிடிச்சிட்டார்!"

"அப்படியானால், ரயில் ஓடாததற்குக் காரணம் நீங்கள்தான்," என்றார் அவர், மிகவும் கடுமையான முகத்தோடு.

நான் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தேன். ஐயா ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கோட்டு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தக் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து அவர் அப்படிச் சிரித்ததில்லை. மற்றவரும் சிரித்தார். என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா, கேஸ் முடிஞ்சுது, தீர்ப்பும் சொல்லியாச்சு," என்றார்.

ஐயா மறுநாள் புறப்படவில்லை. பாதை இல்லாத இடத்துக்கு ரப்ளற்றோடு போய் என்ன செய்வது என்று ரயில்காரர் கேட்டார். ஐயாவுக்கு அது நியாயமாகப் பட்டது. நாங்கள் சொல்லியிருந்தால் பட்டிருக்காது. சில வருடங்களின் பின் பாதை மீண்டும் போடப்பட்டது. நான் அவரோடு போனேன். அவர் திரும்பமாட்டார் என்ற எண்ணத்தில் என் கணவர் விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து விடைகொடுத்தார். மகள் தன் போர்வை ஒன்றை அவர் பெட்டிக்குள் வைத்தாள். வன்னிச் சூட்டில் அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

ஐயாவின் நிலையம் புதிதாக, பளிங்குத் தரையோடு இருந்தது. இளம் அதிகாரி வட்டத்தை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"சேர், இது இப்ப தேவையில்லை. எல்லாம் கலர் லைற், கொம்பியூட்டர்."

"தேவையோ இல்லையோ, எடுத்ததைத் திருப்பி வைக்கவேணும்."

அதிகாரி எழுந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஐயா கேட்டபடி ஒரு தாளில் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். பிறகு அவருக்கும் பகிடி வந்தது.

"எண்டாலும் சேர், இருபது வருசத்துக்கு மேல பிந்தீட்டுதே."

"வண்டி பிந்தினதுக்கு மாஸ்டர் பொறுப்பில்லை, தம்பி."

மெயில் வண்டி புறப்படும்வரை நாங்கள் மேடையில் நின்றோம். அது போனபோது நான் ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்கள் கடைசிப் பெட்டி வரை போயின. மெல்லத் தலையசைத்தார். நான் அழத் தயாராக இருந்தேன்.

"எங்கட பிளேன் எண்டைக்கு, பிள்ளை?" என்றார்.

"ஐயா... நீங்கள் இஞ்ச நிக்கேல்லையோ?"

"இஞ்ச எனக்கு என்ன வேலை? குடுக்கவேண்டியதைக் குடுத்தாச்சு. செப்டெம்பரில படம் தொடங்குது. இந்த முறை ரயில் படம் ஒண்டு இருக்காம், எங்கட ரயில்காரர் கடதாசி போட்டவர், பேத்தி வாசிச்சுச் சொன்னவள். நான் இல்லாட்டில் அவையளுக்கு ஆர் பிழை சொல்லுறது?"

நாங்கள் நம்பிய இரண்டும் பொய்த்தன. வட்டம் போகாமலே ரயில் ஓடியது. வட்டம் போன பிறகும் ஐயா எங்களோடு இருந்தார். பின்வரிசையில் ரயில்காரருக்குப் பக்கத்தில் அவர் இன்னும் ஐந்து குளிர்காலம் இருந்து படம் பார்த்தார். பொது மொழி ஒன்றும் இல்லாமல் இருவரும் எப்படி அவ்வளவு வாதாடினார்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆறாவது குளிர்காலம் தொடங்க முன்னர், ஹொல்ஸ்டெப்ரோவில், உறக்கத்தில் போனார். பெற்றுக்கொண்டேன் என்ற தாள் அந்தத் தகரப்பெட்டியில் இருந்தது.

மகள் இப்போது பிரெடெரிசியா நகரத்தில் வேலை செய்கிறாள். தொலைபேசியில் என்னோடு தமிழில் பேசுகிறாள், உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நூலகத்தில் மூன்றாம் செவ்வாய்க்கிழமைப் படம் இன்னும் நடக்கிறது. ரோல்ஸ் இருபது பொரித்தால் போதும். ஆசிரியை இருக்கிறார், ரயில்காரர் இருக்கிறார், என் கணவர் இருக்கிறார், நான் இருக்கிறேன்.